பலகையின் இரண்டாவது வரி

மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

கொத்தனார் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற உங்கள் சம்பந்தி, யாரிடமும் சொல்லி எழுத வைக்காமல், தன் கையாலேயே எழுதுவது. இங்கே நானும் என் மனைவியும் நலம். அங்கே சம்பந்தியம்மாள் நலமா? இந்தக் கடிதத்தில் வரப்போகும் எதிலும் அவர்களுக்குப் பங்கில்லை. அவர்கள் வருத்தப்பட வேண்டாம். நீங்கள் படலாம்.

கண் மங்கி, வைத்தியத்துக்காக நீங்கள் உங்கள் மகன் வீட்டுக்குப் போயிருப்பதால் இதை என் மகள்தான் படித்துக் காட்டுவாள். பாப்பா, கேட்டுக்கொள். மாமனார் மனம் நோகுமே என்று ஒரு வரியையும் விடக் கூடாது. ஒரு வரி எழுத எனக்குக் கால் மணி நேரம் ஆகிறது. குரலையும் குறைக்காதே. நான் சத்தமாகத்தான் எழுதுகிறேன்.

சம்பந்தி, குளிர் தொடங்கியபோது நூலகத்தின் பின்னறையில் முதியோர் வகுப்பில் சேர்ந்திருக்கிறேன் என்று போனில் சொன்னேன். நீங்கள் சிரித்தீர்கள். "இந்த வயசுல எழுத்து எதுக்கு சம்பந்தி, அதான் நான் இருக்கேன்ல" என்றீர்கள். அதை அன்பு என்று நினைத்தேன். என் மனைவியிடமும் அப்படித்தான் சொன்னேன்.

போன வாரம் டீச்சர் ஒரு வீட்டுப் பாடம் கொடுத்தார். போகிற வழியில் கண்ணில் படும் பலகைகளையெல்லாம் நோட்டில் எழுதி வர வேண்டும். பதினொரு பலகை எழுதினேன். மருந்துக் கடை. முடி திருத்தகம். இங்கே வண்டி நிறுத்தாதீர். கடித்துக் குதறும் நாய், ஜாக்கிரதை. அந்த நாயை நான் இரண்டு வருடமாகத் தடவிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அதற்கும் படிக்கத் தெரியாது போலிருக்கிறது.

பன்னிரண்டாவது பலகை ஏரிக்கரையில் இருந்தது. ஓடை வந்து ஏரியில் விழும் இடத்தில், பாறைக்குப் பக்கத்தில். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த பலகை.

பிள்ளைகளின் கல்யாணம் முடிந்த மறு மாதம் நாம் முதன்முதலாகச் சேர்ந்து மீன் பிடிக்கப் போனோம். நான் அந்தப் பாறைமேல் ஏறி, இடம் நன்றாக இருக்கிறதே என்று தூண்டிலைப் பிரித்தேன். நீங்கள் பலகையைக் காட்டினீர்கள். "இறங்குங்க சம்பந்தி. டிரவுட் மீன் முட்டை போடற இடமாம். யாரும் தூண்டில் போடக் கூடாதுன்னு போட்டிருக்கு. பிடிச்சா அபராதம்" என்றீர்கள். இறங்கிவிட்டேன். பதினான்கு வசந்தமாக இறங்கியவன் இறங்கியவன்தான்.

பலகையில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன். பாப்பா, இதை மட்டும் இரண்டு முறை படி.

ஆழமான பகுதி. இங்கே குளிக்கக் கூடாது.
மீன் பிடிப்பவர்கள் தங்கள் குப்பையைத் திரும்ப எடுத்துச் செல்லவும்.

முதல் வரி பெரிய எழுத்து. இரண்டாவது வரி சின்ன எழுத்து, ஓரத்தில் துருவேறிக் கிடந்தது. அதை எழுத்துக் கூட்டிப் படித்து முடித்ததும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். சின்ன எழுத்தைக்கூடத் தனியாகப் படித்துவிட்டேனே என்று கைதட்டிக்கொண்டேன். அதன் அர்த்தம் கொஞ்சம் பின்னால்தான் வந்து சேர்ந்தது. வந்ததும் அந்தப் பாறைமேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஒவ்வொரு வசந்தத்திலும் எனக்கு முன்னால் நீங்கள் ஏரிக்கு வந்துவிடுவீர்கள். நான் வரும்போது ஈரச் சாக்கில் இரண்டு டிரவுட் கிடக்கும். அணைக்கு அந்தப் பக்கம் மூன்று மைல் நடந்து போய்ப் பிடித்தேன் என்பீர்கள். உங்கள் முழங்காலுக்கு நான் தைலம் வாங்கிக் கொடுத்தேன். நீங்களும் வாங்கித் தேய்த்துக்கொண்டீர்கள். என் முன்னாலேயே.

நான் என்ன செய்தேன்? சேற்று வளைவில் வேகவைத்த மக்காச்சோளத்தைத் தூவிவிட்டு, தண்ணீர் வெயிலில் சூடேறி கெண்டை கரையோரம் வரும் மதியம்வரை குந்திக் கிடந்தேன். என் வாழ்நாளில் ஒரு டிரவுட்கூடப் பிடித்ததில்லை. கெண்டை பிடிக்கிற கைக்கு டிரவுட் படியாது என்று சொன்னதும் நீங்கள்தான்.

மீனை விடுங்கள். நான்காவது வருடம் என்று நினைக்கிறேன். ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வந்து அந்தப் பாறையில் தூண்டில் போட்டார்கள். நான் எழுந்து போய், "பலகை கண்ணுக்குத் தெரியலையா?" என்று கேட்டேன். அந்தப் பெண், "பிடிக்கலாம்னுதானே பெரியவரே இருக்கு, நீங்களே படிச்சுப் பாருங்க" என்றாள். நான் பலகையைப் பார்த்தேன். படிப்பதுபோல் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு, "எனக்கா சொல்லித் தர்றே? எங்க சம்பந்தி தபாலாபீஸ்ல முப்பது வருஷம் இருந்தவரு" என்று கத்தினேன். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு சாமானைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். நீங்கள் இருபது அடி தள்ளி உட்கார்ந்து புழு கோத்துக்கொண்டிருந்தீர்கள். எல்லாம் காதில் விழுந்திருக்கும். தலையை நிமிர்த்தவில்லை.

அதற்குப் பிறகும் பலரை விரட்டியிருக்கிறேன். உங்கள் இடத்துக்கு என்னையே காவல் போட்டுவிட்டீர்கள். என் மனைவி இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறாள். "பதினாலு வருஷம் சம்பளமில்லாம வாட்ச்மேன் வேலை பார்த்திருக்கீங்க. சம்பந்தி ஒரு விசிலாவது வாங்கித் தந்தாரா?" என்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உங்களை 'நீ' என்று எழுதக் கை துடிக்கிறது. 'நீ' ஒரே எழுத்து. 'நீங்கள்' நான்கு எழுத்து. பெண்ணைக் கொடுத்த இடம் என்பதற்காக ஒவ்வொரு முறையும் மூன்று எழுத்து கூடுதலாக உழைக்கிறேன். அந்த உழைப்புக்கு நீங்கள் தகுதியா என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. பாப்பாவுக்கு நான் சொல்லச் சொல்ல இத்தனை வருடம் கடிதம் எழுதிக் கொடுத்ததும் நீங்கள்தான். அவற்றில் என்னென்ன எழுதினீர்களோ! பாப்பா, அவற்றையெல்லாம் எடுத்துப் பார்த்து எனக்குச் சொல்.

கண் ஆபரேஷனுக்கு டாக்டர் இரண்டு தேதி கொடுத்தும் பயந்துகொண்டு போகவில்லையாமே. கோடைக்குள் செய்யாவிட்டால் பிறகு செய்தும் பலனில்லையாம். அது வேறு விஷயம். அதற்குத் தனியாகத் திட்டுகிறேன். இன்றைக்கு விரல் வலிக்கிறது.

பதில் வேண்டும். போன் வேண்டாம். போனில் நீங்கள் பேச்சை மாற்றிவிடுவீர்கள்.

இப்படிக்கு,
கைநாட்டை விட்டுவிட்ட
உங்கள் சம்பந்தி


மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் பதில் பாப்பாவின் கையெழுத்தில் இரண்டு பக்கமாக வந்து சேர்ந்தது. நானே படித்தேன். இரண்டு நாள் ஆயிற்று.

முதல் பக்கத்தில், அந்தக் காலத்துப் பலகையில் வேறு வாசகம் இருந்தது, பிறகு மாற்றிவிட்டார்கள் என்று சொல்லியிருக்கிறீர்கள். மறுநாள் சொன்ன இரண்டாம் பக்கத்தில் உண்மை இருக்கிறது. முதல் பக்கத்தைக் கிழித்துப் போடச் சொன்னீர்களாம். பாப்பா கிழிக்கவில்லை. "ஒரு வரியையும் விடக் கூடாதுன்னு நீங்கதானேப்பா சொன்னீங்க" என்று ஓரத்தில் எழுதியிருக்கிறாள். என் மகள்.

"நீங்க உட்கார்ற இடத்துலெல்லாம் மீன் வருது சம்பந்தி. பக்கத்துல உட்கார்ந்தா என் தக்கை செத்த எலி மாதிரி மிதக்குது. நீங்க வராத இடம் ஒண்ணு வேணும்னு இருந்துச்சு. அன்னைக்கு வாய்ல வந்ததைச் சொல்லிட்டேன். அடுத்த வருஷம் எந்த முகத்தை வெச்சுக்கிட்டு மாத்திச் சொல்றது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இதைப் படித்தால் கோபம் தணியும் என்று நினைத்தீர்களா? கூடிவிட்டது. பொறாமை என்றால் பொறாமை என்று சொல்லியிருக்கலாம். இன்னொரு கொத்தனார் கட்டின சுவர் என் சுவரைவிட நேராக நின்றால் எனக்கும் வயிறு எரிந்திருக்கிறது. அதற்காக அவன் சுவர் நேர் பார்க்கும் தூக்குக் குண்டின் கயிற்றில் நான் கை வைத்ததில்லை. எழுத்து விஷயத்தில் என் தூக்குக் குண்டு நீங்கள்தான், சம்பந்தி. ஊருக்கெல்லாம் தந்தியும் கடிதமும் சரியாகப் படித்துச் சொன்ன மனிதர், ஒரே ஓர் ஆளுக்கு மட்டும் பொய்யாகப் படித்தீர்கள்.

பழைய கடிதங்களைப் பாப்பா பார்த்துவிட்டாளாம். எல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறதாம். ஒரு மாற்றம்தான். "இன்றைக்கு நான் ஆறு கெண்டை பிடித்தேன்" என்று நான் சொன்ன இடத்திலெல்லாம் "நாங்கள் ஆறு கெண்டை பிடித்தோம்" என்று இருக்கிறதாம். அந்த ஆறில் உங்கள் பங்கு, வலையைப் பிடித்துக்கொண்டு நின்றது. அதிலும் ஒரு தடவை வலையோடு தண்ணீரில் விழுந்தீர்கள். இதற்கும் கோபப்படலாம் என்று உட்கார்ந்தேன். வரவில்லை. விட்டுவிட்டேன்.

இப்போது தினமும் அந்தப் பாறைக்குப் போகிறேன். விடிந்ததும் போய்விடுகிறேன். முதல் நாள் டிரவுட் வந்து இழுத்தது. கெண்டை என்றால் இரையைச் சப்பிப் பார்க்கும், துப்பும், மறுபடி சப்பும், பொறுத்திருக்க வேண்டும். அந்தப் பழக்கத்தில் நான் பொறுத்திருந்தேன். டிரவுட் புழுவைப் பறித்துக்கொண்டு எப்போதோ போய்விட்டது. இரண்டாம் நாளும் அதே கதை. மூன்றாம் நாள் இழுத்தவுடனே தூண்டிலைச் சுண்டினேன். ஒரு முழம்கூட இல்லை, ஆனால் உடம்பெல்லாம் புள்ளி, பக்கவாட்டில் ஒரு சிவப்புக் கோடு. எழுபது வயதில் என் முதல் டிரவுட். தூக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பினேன். காட்டுவதற்கு ஆள் இல்லை. அதற்கும் உங்கள்மேல்தான் கோபம் வந்தது.

பாறை இடுக்கில் உங்கள் மூக்குப்பொடி டப்பாக்கள் ஏழு கிடந்தன. இரண்டாவது வரியை எனக்குத்தான் மறைத்தீர்கள் என்று நினைத்தேன். நீங்களும் மதிக்கவில்லை. ஏழையும் பொறுக்கி வந்து கழுவி வைத்திருக்கிறேன். நேரில் தருகிறேன்.

நேற்று வயதான ஒருவர் தூண்டிலோடு வந்து, இங்கே பிடிக்கலாமா என்று கேட்டார். எழுந்து நின்று இரண்டு வரியையும் உரக்கப் படித்துக் காட்டினேன். அவர் ஏதோ சொல்ல வந்தார், நான் படித்து முடிக்கும்வரை காத்திருந்து, "எனக்கும் படிக்கத் தெரியும் ஐயா" என்றார். இருக்கட்டும்.

இனி, தனியாகத் திட்டுகிறேன் என்று சொன்ன விஷயம். உங்கள் கடிதத்தின் அடியில், பாப்பா உங்களுக்குத் தெரியாமல் பொடி எழுத்தில் நான்கு வரி எழுதியிருக்கிறாள். டாக்டர் மூன்றாவது தேதி கொடுத்திருக்கிறார், வரும் மாதம் எட்டாம் தேதி, இதுதான் கடைசி என்கிறார். நீங்கள், "இனிமே கண்ணு வந்து யார்கூடப் போய் உட்காரப் போறேன்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்களாம். பாப்பா, மன்னித்துக்கொள், உன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டேன். ஆனால் இதையும் விடாமல் படி.

சம்பந்தி, ஆபரேஷனுக்குப் பயம் என்றால் பயம் என்று சொல்லுங்கள். என் கோபத்தின் பின்னால் ஒளிந்துகொள்ளாதீர்கள். அது உங்களை ஒளித்துவைக்க எழுதிய கோபம் இல்லை.

உங்கள் மன்னிப்பும் எனக்கு வேண்டாம். என் மகளின் கையெழுத்தில் வரும் மன்னிப்பில் உங்களுடையது எவ்வளவு, அவளுடையது எவ்வளவு என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது? நீங்கள் வர வேண்டும். பலகைக்கு முன்னால் நின்று இரண்டு வரியையும் உங்கள் கண்ணால் பார்த்து, உங்கள் வாயால் படிக்க வேண்டும். நான் பக்கத்தில் நின்று சரிபார்ப்பேன்.

கண்ணைச் சரி செய்யாமல் வந்தால் நான்தான் உங்களுக்குப் படிக்க வேண்டியிருக்கும். நான் எதைப் படித்தாலும் நீங்கள் நம்பித்தான் ஆக வேண்டும். பழி வாங்க நல்ல வழி என்று இரண்டு நாள் இதை நினைத்து நினைத்து மகிழ்ந்தேன். தபாலாபீஸில் வேலை பார்த்தவர்கள் இங்கே உட்காரக் கூடாது என்று படிக்கலாம். பிடித்தால் அபராதம் என்று படிக்கலாம். மூன்றாம் நாள் அந்த மகிழ்ச்சி போய்விட்டது. பலகைக்கு முன்னால் நின்றுகொண்டு அடுத்தவர் வாயைப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். எழுபது வருடம் பார்த்தேன். இவ்வளவு கோபத்திலும் அந்த இடத்தில் உங்களைக் கொண்டுவந்து நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

எட்டாம் தேதி போய்ப் படுத்துக்கொள்ளுங்கள். கெண்டை இன்னும் கொஞ்ச நாள் கரையோரம்தான் மேயும். டிரவுட் அப்படி இல்லை, தண்ணீர் சூடேறினால் ஆழத்துக்கு இறங்கிவிடும், யாருக்காகவும் நிற்காது. சீக்கிரம் வாருங்கள்.

பாப்பா, இனி வருவதை மட்டும் குரலைக் குறைத்துப் படி.

உங்கள் கண் தெளிய வேண்டும் என்று கோபம் தீராமலே வேண்டிக்கொள்ளும்
உங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: பாறையை அளந்து பார்த்துவிட்டேன். தாராளமாக இரண்டு பேர் உட்காரலாம். கொத்தனார் அளவு, தப்பாது.