கை நனைக்காமல் போனவள்

காட்டூர்,
9.6.2025

அனுசுயாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். உன் போனை எடுக்காதது வேண்டுமென்றேதான். முப்பது வருடம் ஒரே பள்ளியில் பாடம் நடத்தி, ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டோம். என் மகள் கல்யாணத்தில் மட்டும் கை நனைக்காமல் போய்விட்டாய். சம்பந்தியம்மா நேராகவே கேட்டார்: "உங்க ஃப்ரெண்டுக்கு எங்க சாப்பாடு எறங்காதோ?" உனக்கு நிணநீர்ப் புற்றுநோய் குணமாகி இரண்டு வருடமாகிறது. முடி வளர்ந்து, பட்டுப்புடவையில் பளபளவென்று வந்தாய். பந்தியில் உட்கார மட்டும் முடியவில்லையா?

மணிமேகலை

ஸ்ரீரங்கம்,
12.6.2025

அன்பு மணி,

திட்டுவதற்காவது எழுதினாயே, சந்தோஷம்.

சாப்பிடுகிறவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றுதானே பந்தியில் இடம் பிடிக்க வேண்டும்? நின்றேன். அவர் பாயசம் இரண்டாம் முறை வாங்கினார். எழுந்ததும் வேறொருவர் கைக்குட்டையைப் போட்டுவிட்டார். அடுத்த நாற்காலிக்குப் போவதற்குள் கால் துவண்டுவிட்டது. ஆட்டோக்கார நசுருதீன், "டீச்சர், சாஞ்சுக்கங்க, மெதுவாவே போறேன்" என்றார். பின் சீட்டில் படுத்தபடி வீடு வந்தேன். இரண்டு நாள் தலைவாரக்கூடக் கை எழவில்லை. கல்யாண வீட்டில் நோயைப் பேச வேண்டாமென்று சொல்லாமல் வந்தது என் தவறு.

காவிரிப் பாலத்தைப் பழுது பார்த்தது நினைவிருக்கிறதா? பாலம் நின்றுகொண்டுதான் இருந்தது. ஸ்கூட்டரை விட்டார்கள், பஸ்ஸை விடவில்லை. நானும் அப்படித்தான். ஸ்கேனில் ஒன்றுமில்லை. ஆனால் இந்தக் களைப்பு தூங்கினாலும் போகாது. சிலருக்கு வருடக்கணக்கில் இருக்குமாம், தில்லை நகர் டாக்டர் சொன்னார். தினமும் கொஞ்சம் நடக்கச் சொன்னார், நடக்கிறேன்.

காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை நான் பழைய அனுசுயாதான். ஒரு நாள் மாவரைப்பேன், ஒரு நாள் எதிர் வீட்டுப் பெண்ணுக்குக் கணக்குச் சொல்லித்தருவேன். நாளுக்கு ஒரு வேலை. அதை நன்றாகவே செய்கிறேன். என்னைப் பார்த்து யாரும் பரிதாபப்பட வேண்டாம். நீ வா. பேச்சின் நடுவே படுத்துவிட்டால் மட்டும் கோபித்துக்கொள்ளாதே.

உன்
அனு

காட்டூர்,
16.6.2025

அனு,

"ஏண்டி, சொல்லியிருந்தா ரூமுக்கே எலை போட்டிருப்பேனே!" என்று உன் கடிதத்தைப் பார்த்துக் கத்தினேன். இவர் பயந்துபோய் ஓடிவந்தார்.

ஞாயிறு ஒன்பது மணிக்கு வருகிறேன். நீ படுத்தால் நானும் பக்கத்தில் படுத்துக்கொள்கிறேன். ரிடையரானவளுக்கு என்ன அவசரம்?

சம்பந்தியம்மாவிடம் போனில் விஷயத்தைச் சொன்னேன். அவர் தங்கைக்கும் இதே நோயாம், சிகிச்சை முடிந்து ஒரு வருடமாம். "அவள சோம்பேறின்னு நானே எத்தனை வாட்டி சொல்லியிருக்கேன்" என்று அழுதுவிட்டார். பாலத்தைப் பற்றி நீ எழுதியதை அந்தத் தங்கைக்குப் படித்துக் காட்டட்டுமா? நீ சரி என்று எழுது. உன்னைக் கேட்காமலே நான் முடிவு கட்டியது ஒருமுறை போதும்.

மணி