‘சும்மா’ என்று போட்டால்தான் என்ன?

தாலுகா ஆபீஸ் எதிரே அதே டைப்பிங் கடை. சூட்டோடு வெளியே வந்த தாளை வாங்கிப் பார்த்தேன். ‘பட்டப்படிப்பு முடித்து, திருமணமாகி, இடைப்பட்ட காலத்தில் வீட்டில் சும்மா இருந்தேன்.’ போன வருஷம் உனக்கும் எனக்கும் அடித்துக் கொடுத்த அதே வரி. படித்ததும் எனக்கு உன்மேல்தான் எரிச்சல் வந்தது.

ஆமாம், உன்மேல்தான். பிள்ளைகளைப் பெற்ற பிறகு நாம் இரண்டு பேரும் பி.எட். படிக்கக் கிளம்பினோம். தாய்மார்களுக்கென்று ஒரு அறக்கட்டளை தரும் உதவித்தொகை கிடைத்தால் உண்டு, இல்லையென்றால் கல்லூரி வாசலை மறந்துவிட வேண்டியதுதான். படிப்பு விட்டுப்போன வருஷங்களில் என்ன செய்தோம் என்று வக்கீல் கையெழுத்தோடு ஒரு உறுதிமொழி கேட்டார்கள். அன்றைக்குக் கடைசி நாள். வெயில் மண்டையைப் பிளக்கிறது. வாங்கிக்கொண்டு ஓடாமல் நீ சண்டைக்கு நின்றாய்.

"யாரு சும்மா இருந்தது? நீங்க வந்து பாத்தீங்களா?"

டைப் அடிக்கிறவர் சிரித்தார். "எல்லாருக்கும் அப்படித்தாம்மா போடுறது."

"எங்க வூட்டுக்காரரு துபாய்ல இருக்காரு. ரெண்டு புள்ளைங்க, படுத்த படுக்கையா மாமியா, எல்லாத்துக்கும் நான்தான். இவ பீங்கான் பட்டறையில பொம்மைக்குப் பிசிறு சீவிச் சீவி விரலெல்லாம் வெடிச்சுக் கெடக்குது. சும்மாவாம், சும்மா! மாத்துங்க."

"ஒரு வார்த்தைதான, விடுடி" என்று கெஞ்சினேன். கேட்டால்தானே? அவர் முணுமுணுத்தபடி நம் இரண்டு தாளையும் மாற்றி அடிப்பதற்குள் வக்கீல் கோர்ட்டுக்குப் போய்விட்டார். மனு வாங்குகிற ஜன்னலையும் மூடிவிட்டார்கள். மங்கலம்பேட்டை பஸ்ஸில் ஏறும்போதும் நீ அசரவில்லை. "அடுத்த வருஷம் இருக்குதுல்ல, போயிட்டு வரேன்" என்றாய்.

அடுத்த வருஷம் வந்தது. நீதான் இல்லை. மஞ்சள் காமாலை என்றார்கள், பார்த்துக்கொண்டிருக்கும்போதே போய்விட்டாய். அன்றைக்கே மனுவைக் கொடுத்திருந்தால் அந்தக் கொஞ்ச நாளாவது கல்லூரிக்குப் போயிருப்பாய் அல்லவா? பட்டறையில் பொம்மை அச்சைப் பிரிக்கும்போதெல்லாம் உன்னைத் திட்டித் தீர்த்தேன். பாவி, ஒரு கையெழுத்தைப் போட்டுத் தொலைத்திருக்கக் கூடாதா?

இன்றும் கடைசி நாள்தான். வருமானச் சான்று, அந்தச் சான்று, இந்தச் சான்று என்று அலையவிட்டே இழுத்துவிட்டார்கள். வெளியே வக்கீல் பைக்கை எடுத்துக்கொண்டிருந்தார். பேனாவைத் திறந்தேன். கை போகவே இல்லை.

"அண்ணே, இத மாத்துங்க." சொன்னது என் வாய்தான்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "போன வருஷம் உங்ககூட ஒரு பாய் வூட்டு அம்மா வந்து சண்ட போட்டாங்களே. அவங்க வரலையா?"

"அவங்க சொல்லித்தான் மாத்தச் சொல்றேன்."

ஓடிப்போய் வக்கீலின் பைக்குக்குக் குறுக்கே நின்றேன். நன்றாகத் திட்டு வாங்கினேன். புதுத்தாள் வந்ததும் பைக் சீட்டிலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டார். ‘பிள்ளைகளை வளர்த்தேன். பீங்கான் பட்டறையில் வேலை செய்தேன்.’ ஜன்னலில் இருந்தவர் அதைப் படித்துவிட்டு, "எதுக்கும்மா இவ்ளோ? சும்மா இருந்தேன்னு போட்டா முடிஞ்சுது" என்றாரே பார்க்கலாம்!

எனக்கு அப்போது வந்த கோபம் என்னுடையதே இல்லை. உன்னுடையது. அதை வைத்துக்கொண்டுதான் இனி நான் காலம் தள்ள வேண்டும் போலிருக்கிறது. உதவித்தொகை வந்தால் வகுப்புக்கும் அந்தக் கோபத்தோடுதான் போவேன். வராவிட்டால் அடுத்த வருஷமும் இதே கடைக்கு வந்து உன் சண்டையைத்தான் போடுவேன், போ.