மூடிய கவுண்டர்

அன்பு மகள் சிட்டுவுக்கு,

அப்பா எழுதுவது. இருவரும் நலம். என் சமையலில் உப்பில்லை என்று அம்மா குறை சொல்லிக்கொண்டே சாப்பிடுகிறாள். நீ வேளைக்குச் சாப்பிடு.

சக்கர நாற்காலி வழக்கு முடிந்துவிட்டது. போனில் சொல்ல வாய் வரவில்லை.

அந்தப் பேட்டரி வண்டி அம்மாவை நடுரோட்டில் லாரிக்கு முன்னால் நிறுத்தியது. அவள் தண்ணீர் ஊற்றிக் கழுவியதுதான் காரணம் என்று கம்பெனி சொன்னதையே நுகர்வோர் மன்றமும் சொன்னது. வேறு வண்டி வாங்கலாம் என்று நீ சொன்னபோது அவள் என்ன சொன்னாள்? "தப்பு என்மேல இல்லன்னு யாராவது சொல்லட்டும், அப்புறம் ஏறறேன்." இரண்டு வருடமாகப் படியிறங்கவில்லை.

தீர்ப்பு வந்த அன்றே வக்கீலம்மா படித்துப் படித்துச் சொன்னார்: "சார், அப்பீலுக்குன்னே மேல ஒரு கமிஷன் இருக்கு. நாப்பத்தஞ்சு நாளுக்குள்ள போயிடுவோம். உயர் நீதிமன்றத்துல இதை எடுக்கமாட்டாங்க." நான்தான் கேட்கவில்லை. முப்பது வருடம் தபால் கவுண்டரில் உட்கார்ந்தவன். வரிசையை விட்டு நேரே பெரிய அதிகாரியைப் பார்த்தவனுக்கே வேலை நடந்ததைக் கண்டவன். போனால் பெரிய கோர்ட்தான் என்று ஒற்றைக்காலில் நின்றேன்.

பத்து மாதம் கழித்து முறை வந்தது. ஐந்தே நிமிடம். உங்கள் குறை நியாயமாகவே இருக்கலாம், சட்டம் அப்பீலுக்கு ஓர் இடம் வைத்திருக்கும்போது நாங்கள் கேட்டால் எல்லாரும் இங்கேதான் வருவார்கள், அங்கே போங்கள் என்றார் நீதிபதி. போனோம். ஏன் தாமதம் என்று கேட்டார்கள். வக்கீலம்மா அன்றே சொல்லியும் நான்தான் கேட்கவில்லை என்று உளறிவிட்டேன். தெரிந்தே கெடுவைத் தாண்டியதாகச் சொல்லிப் போன வாரம் தள்ளுபடி செய்துவிட்டார்கள். வண்டியைக் கடைசிவரை ஒருவரும் பிரித்துப் பார்க்கவில்லை.

எத்தனை பேரை "இந்தக் கவுண்டர் இல்லங்க, அடுத்தது" என்று நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அனுப்பியிருப்பேன். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது அது மூடியிருந்ததா என்று ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. வெட்கமாக இருக்கிறது, சிட்டு.

அம்மாவுக்கு இன்னும் தெரியாது. அடுத்த வாய்தா எப்போது என்று கேட்டாள். வாய்க்கு வந்தபடி அடுத்த மாதம் பதினான்கு என்றேன். காலண்டரில் வட்டம் போட்டு, கோர்ட்டுக்குக் கட்டிக்கொண்டு வர ஒரு புடவையும் எடுத்து வைத்திருக்கிறாள்.

பதிமூன்றாம் தேதிக்குள் எப்படியாவது வந்துவிடு, கண்ணு. எனக்குத் தனியாகச் சொல்ல முடியாது. நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் வரவை நம்பியிருக்கும்
அப்பா