சுபைறா திரும்பி ஓடும் பக்கம்

சாய்ந்தமருது

அன்பு மச்சான் முஸ்தாக்குக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு எல்லோரும் சுகம். லண்டனில் குளிர் கூடிவிட்டதாமே, உடம்பைப் பார்த்துக்கொள். போனில் எழுதினால் மகள் ஸம்றாவின் கண்ணில் படும், அதனால்தான் கடிதம். வாசித்ததும் கிழித்துவிடு.

உன் புத்தகத்துக்குப் பரிசு கிடைத்தது ஊரெல்லாம் தெரியும். பிரிட்டனின் பெரிய சித்திரக்கதைக் கலைஞன் எங்கள் ஊர்ப் பிள்ளை என்று பள்ளிவாசலடியிலும் அதே பேச்சு. கடைப் பலகைக்குப் படம் வரைந்தவன், பறக்கும் வீரர்களை வரைந்து அங்கே பெயரெடுத்தாய். இப்போது மருதமுனைப் பொடியன்களும் உன்னைப் போலத் தடித்த கறுப்பு மையில், பெரிய பெரிய கைகளாக வரைகிறார்கள். எனக்கும் சந்தோஷம் என்று எழுதப் பார்க்கிறேன், வரவில்லை.

சுனாமிப் புத்தகத்தில் உன் கூடப்பிறந்த ராத்தாவை, என் சுபைறாவை வரைந்திருக்கிறாய். எல்லோரும் ஓடுகிறார்கள். சுபைறா மட்டும் முக்காட்டுத் துணியை எடுக்க வீட்டுக்குள் திரும்பி ஓடுகிறாள். அந்தப் பக்கத்தை வைத்து அங்குள்ள பத்திரிகைகள் எங்கள் பெண்களுக்காக இரக்கப்பட்டு எழுதினவாம். நீயும் பேட்டியில் தலையாட்டியிருக்கிறாய்.

அவள் எதற்கு உள்ளே போனாள் என்று உனக்குத் தெரியாதா? அவளை அடக்கிய கபுறடியில் நின்று உன்னிடம் மட்டும் சொன்னேனே. ஏணையில் தூங்கிய பிள்ளையைத் தூக்கி வந்து, மதிலில் நின்ற என் கையில் தந்தாள். அடுத்த அலையில் அவள் இல்லை. என்னால்தான் உம்மா செத்தாள் என்று ஸம்றா நினைத்து வளரக் கூடாதென்று ஊருக்குத் துணிக் கதையைச் சொன்னோம். ஊரோடு கிடக்க வேண்டிய பொய்யை நீ உலகத்துக்கு விற்றுவிட்டாய்.

சுபைறாவின் போட்டோ ஒன்றையும் கடல் விட்டுவைக்கவில்லை. நீ வரைந்த முகம்தான் ஸம்றாவுக்கு உம்மாவின் முகம். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் அவளும் வரையப் பழகினாள். போன கிழமை, ஒரு துணிக்காக உசிர விட்ட உம்மாவ நினைச்சு நான் ஏன் வாப்பா அழணும் என்று கேட்டாள். கை ஓங்கிவிட்டேன். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

தமிழ்ப் பதிப்பு வருமுன் அந்தப் பக்கத்தை மாற்று என்று கேட்கத்தான் நினைத்திருந்தேன். நேற்று ஸம்றாவுக்கு விசா வந்துவிட்டது. உன் வீட்டில் தங்கி, உன்னிடமே வேலை பழகப் போகிறாள். என்றைக்காவது உன் மேசையருகே நின்று, உம்மா மெய்யாவே துணி எடுக்கத்தான் போனாவா மாமா என்று கேட்பாள்.

ஓம், துணிக்குத்தான் என்று சொல்லிவிடு. பக்கத்தையும் மாற்றாதே. பிள்ளைக்காக உன் ராத்தா இந்த அவமானத்தையும் பொறுத்துக்கொள்வாள்.

உன்னை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் அவள் என் கையில் தந்த பிள்ளையை உன் கையில் தருகிறேன். அல்லாஹ் உன் கைகளுக்கு பரக்கத் செய்யட்டும்.

இப்படிக்கு,
உன் மச்சான் ஜவுபர்