பாரிஸில் என் வேலை

2006 செப்டம்பர் 11, திங்கள்

காவ்யாவுக்குக் காலையில் ராகிக் கூழ். பாதி அவள் வயிற்றில், பாதி என் புடவையில். மதியம்வரை கரண்ட் இல்லை. துணியை அலசிக்கொண்டிருந்தபோது அன்பழகன் பாரிஸிலிருந்து போன் செய்தான். இன்றுதான் முதல் முறையாக மெட்ரோ சுரங்கப்பாதைக்குள் இறங்கினானாம்.

"முத்தமிழு, நாம சென்னையில ஸ்க்ரீன்ல பாத்ததெல்லாம் இங்க நெசமாவே இருக்கு!"

நாம. சென்னைக் கம்பெனியின் ரயில் சிக்னல் மென்பொருள் பிரிவில் இருவரும் ஒன்றாகத்தான் சேர்ந்தோம். கல்யாணம் அதற்குப் பிறகு. பாரிஸுக்கு முதலில் தேர்ந்தெடுத்தது என்னை. காரைக்கால் பள்ளியில் பிரெஞ்சு படித்தவள் நான். அவனுக்கு 'மெர்சி'க்கு மேல் தெரியாது. காவ்யா வயிற்றில் வந்தாள், பட்டியலில் என் பெயர் போய் அவன் பெயர் வந்தது. "அடுத்த தடவ நீங்கதாம்மா" என்றார் எங்கள் மேனேஜர் சேக் பரீது சார். நான் விடுப்பில் கோட்டுச்சேரிக்கு, மாமியார் வீட்டுக்கு வந்தேன்.

போனில் ரொம்ப சந்தோஷம் என்று சொன்னேன். இங்கேயாவது உண்மையை எழுதலாம். வயிறு எரிகிறது.

செப்டம்பர் 20

டவுனுக்குப் போய் பிரவுசிங் சென்டரில் அவன் அனுப்பிய போட்டோவைப் பார்த்தேன். ஆரஞ்சு மேல்சட்டை, ஹெல்மெட். பின்னால் சுவரில் திறந்திருக்கும் பழைய சிக்னல் ரிலே பெட்டி. பெரிதாக்கிப் பார்த்தேன் – அவன் முகத்தை அல்ல, அந்தப் பெட்டியை.

அத்தைக்காக ஒரு பிரிண்ட் எடுத்து வந்தேன். அதை ரேஷன் கடை வரைக்கும் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். "நம்ம ஊருக்கே ரயிலு வரல. எம்மவன் பூமிக்கடியில ரயிலு வுடுறான்!"

"வுடல அத்தை. அங்க சிக்னல மாத்துறாங்க" என்றேன்.

"எல்லாம் தெரிஞ்சவளாட்டம் பேசுறா பாரு" என்று சிரித்தார்.

தெரிஞ்சவளாட்டமா!

அக்டோபர் 3

பக்கத்து வீட்டு அஞ்சுகம், அன்பு அண்ணனுக்குப் பாரிஸில் என்ன வேலை என்று கேட்டாள். உட்காரவைத்துச் சொன்னேன். பழைய முறையில் பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்திருப்பார்கள். ஒரு துண்டில் ஒரு வண்டிதான். முன்னால் போவது வெளியேறும்வரை பின்னால் வருவது காத்திருக்க வேண்டும். புது முறையில் ஒவ்வொரு வண்டியும் தான் இருக்கும் இடத்தை ரேடியோவில் சொல்லிக்கொண்டே போகும். அதனால் நெருங்கி ஓடலாம், அதே சுரங்கத்தில் கூடுதல் வண்டி விடலாம், காலை நேரத்து நெரிசல் குறையும்.

"வண்டிக்கு எப்புடிக்கா தெரியும், தான் எங்க இருக்கோம்னு?"

என்ன கேள்வி! மென்பொருளில் அதுதான் நான் எழுதிய பகுதி. சக்கரம் சுற்றுவதை வைத்துத் தூரத்தைக் கணக்கிடுவது, தண்டவாளத்தில் பதித்த குறிகளைக் கடக்கும்போது அதைச் சரிபார்த்துக்கொள்வது – எல்லாம் சொன்னேன். எத்தனை மாதமாயிற்று இப்படிப் பேசி! காது சூடேறிவிட்டது.

முழுக்கக் கேட்டுவிட்டு அஞ்சுகம் சொன்னாள்: "அண்ணன் ரொம்பக் கெட்டிக்காரருக்கா."

அக்டோபர் 21

தீபாவளி. அன்பு பேசினான். பலகாரம், பாப்பா, அம்மாவின் முட்டிவலி எல்லாம் விசாரித்தான். வேலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்கு அது மட்டும்தான் வேண்டியிருந்தது.

அக்டோபர் 24

நான் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று அத்தைக்குக் கவலை. கிட்டே வந்து மெதுவாகக் கேட்டார்: "ஏம்மா, அங்க எவளாச்சும் வெள்ளக்காரியோட... அப்புடி எதுவும் சந்தேகமா?"

சிரித்துவிட்டேன். பெண் இருந்தால்கூடப் பரவாயில்லை போலிருக்கிறது, அத்தை. அங்கே அவனோடு இருப்பது என் வேலை.

நவம்பர் 7

சோதனை ஓட்டத்தில் சிக்கல் என்று அன்பு போன் செய்தான். "வண்டி நல்லாத்தான் போவுது. திடீர்னு தான் எங்க இருக்கோம்னு தெரியாம எமர்ஜென்சி பிரேக் போட்டு நின்னுடுது. எல்லா நாளும் இல்ல, சில நாள்தான். தலைய பிச்சிக்கிறோம்" என்றான்.

எந்த இடத்தில் என்று கேட்டேன். ஆற்றுப் பாலம் தாண்டியதும் வரும் ஸ்டேஷனில்.

அவ்வளவுதான். எனக்குப் புரிந்துவிட்டது. அந்த ஓர் இடத்தில் பாதை வெளியே வருகிறது. மழை பெய்தால் தண்டவாளம் நனையும். பிரேக் போடும்போது சக்கரம் சுற்றாமல் வழுக்கும். சுற்றாத தூரம் கணக்கில் வராது. அடுத்த குறியைக் கடந்ததும் கணக்கு உதைக்கும், வண்டி பயந்து நிற்கும். முழுக்கச் சுரங்கம் என்று நினைத்து, வழுக்கலுக்கு மிகக் குறைவாக இடம் விட்டு எழுதியவள் நான்.

'நேத்து மழையா?' என்று கேட்டிருந்தால் போதும்.

கேட்கவில்லை. "பாப்பா அழுவுது, வக்கிறேன்" என்றேன். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

நவம்பர் 8

ஏன் சொல்லவில்லை?

சொன்னால் என்ன ஆகும்? நாளைக்கு அவன் போய்ச் சொல்வான், எல்லாரும் அவன் தோளைத் தட்டுவார்கள், இன்னொரு போட்டோ வரும், அத்தை அதையும் ரேஷன் கடைக்குக் கொண்டுபோவார். தட்டுத் தடுமாறட்டும். நான் இல்லாமல் முடியாது என்று ஒருவருக்காவது தெரியட்டும்.

எழுதிவிட்டுப் படித்தால் அசிங்கமாக இருக்கிறது. ஆனாலும் இந்த வரிகளை அடித்துவிடப்போவதில்லை.

நவம்பர் 12

அன்புவின் குரலே கம்மியிருந்தது. "என்னை திருப்பி அனுப்பிடுவாங்க போலருக்கு. ஒனக்கு ஏதாச்சும் தோணுதா முத்தமிழு?"

"யோசிக்கல. காவ்யாவுக்குக் காய்ச்சல்" என்றேன்.

"ஐயோ, டாக்டர்ட்ட காட்டுனியா? நீ இத வுடு, அவளப் பாரு" என்றான்.

காய்ச்சலெல்லாம் இல்லை. குழந்தையை வைத்துப் பொய் சொன்னேன். எங்கே வந்து நிற்கிறேன்?

நவம்பர் 15

காவ்யா எப்படி இருக்கிறாள் என்று கேட்கச் சேக் பரீது சார் போன் செய்தார். காய்ச்சல் செய்தி சென்னைவரை போயிருக்கிறது. பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "அன்பழகன் பாவம்மா. தப்பு அந்தத் தூரக் கணக்குப் பகுதியிலதான்னு கண்டுபுடிச்சிட்டாங்க. நல்லவேளை, நீங்க எழுதுனது ஒழுங்காத்தான் இருந்துச்சாமே? நீங்க லீவுல போனப்புறம் தான்தான் மாத்தி எழுதிக் கெடுத்துட்டேன்னு அவரே மீட்டிங்ல ஒத்துக்கிட்டாரு."

போனை வைத்த பிறகும் அங்கேயே நின்றேன். அவன் அதில் ஒரு வரிகூடத் தொட்டதில்லை. என் பெயர் கெடக்கூடாது என்று சொல்லியிருக்கிறான். நான் இங்கே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது.

அழ வேண்டும். அழுகை வரவில்லை; கோபம்தான் வருகிறது. எனக்கே புரியவில்லை. என் எடத்த எடுத்துக்கிட்டான், சரி. என் தப்பையுமா? அதுகூட என் பேருல இருக்கக்கூடாதா?

நவம்பர் 16

காவ்யாவை அஞ்சுகத்திடம் விட்டுவிட்டு டவுன் பஸ்ஸைப் பிடித்தேன். பாரிஸுக்கும் சென்னைக்கும் சேர்த்து ஒரே மெயில், பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும். அந்தப் பகுதியை எழுதியது நான். வேறு யாரும் மாற்றவில்லை. மழை நாளையும் வண்டி நின்ற நாளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வழுக்கல் இது, திருத்தம் இது. கீழே என் பெயர்.

அன்புவைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பான்.

நவம்பர் 19

மழைக் கணக்கு ஒத்துப்போகிறதாம். பாரிஸிலிருந்து நேராக என்னிடமே பேசினார்கள். என் பிரெஞ்சைக் கேட்டு ஒருவர் பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி திருத்தினார். திருத்தட்டும்!

மாலையில் அன்பு.

"எல்லார் முன்னாடியும் என்னை பொய்யனாக்கிட்ட."

"நீ ஏன் பொய் சொன்ன?"

"ஒனக்காகத்தான். நீ எப்பக் கண்டுபுடிச்ச?"

மறைக்க முடியவில்லை. "நீ சொன்ன அன்னிக்கே" என்றேன். காய்ச்சல் இல்லை என்பதையும் சொன்னேன்.

போனை வைத்துவிட்டான்.

நவம்பர் 27

அன்புவிடமிருந்து இன்னும் போன் இல்லை.

டிசம்பர் 9

அன்பு வந்துவிட்டான். பெட்டியை வைத்துவிட்டு நேரே காவ்யாவைத் தூக்கினான். அவள் புது ஆள் என்று வீறிட்டாள். அவன் முகம் சுருங்கியது. எனக்குள் ஒரு சின்ன சந்தோஷம் – அதையும் எழுதிவைக்கிறேன்.

டிசம்பர் 14

கிணற்றடியில் அவனாகவே ஆரம்பித்தான். "பாரிஸ்ல கடைசிக் கட்டத்துக்கு உன்னை அனுப்பச் சொல்றாங்க. எனக்குச் சம்மதமான்னு பரீது சார் கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"கோவத்துல முடியாதுன்னு சொல்லிருப்பேன். வாய் வரைக்கும் வந்துடுச்சு." வாளியையே பார்த்துக்கொண்டிருந்தான். "இத்தன நாளா ஒனக்கு எப்புடி இருந்துருக்கும்னு அப்பத்தான் தெரிஞ்சுது. போய்ட்டு வா. நான் லீவு போடுறேன்."

"பச்சப்புள்ளய வுட்டுட்டா?" என்றார் அத்தை உள்ளேயிருந்து.

"நான் பாத்துக்கறேம்மா."

"நீயா? ஒனக்கே நான்தான்டா இன்னும் சோறு போடுறேன்."

2007 மார்ச் 4, ஞாயிறு. பாரிஸ்

விடியற்காலையில் நல்ல மழை. ஓட்டுநர் அறையில், அவருக்குப் பின்னால் நின்றேன். பாலத்தில் ஏறியதும் தண்டவாளம் பளபளவென்று நனைந்து கிடந்தது. ஸ்டேஷன் நெருங்கியது, வேகம் தணிந்தது. வண்டி நிற்க வேண்டிய இடத்தில், தண்ணீர்க் குடத்தை இறக்கிவைப்பதுபோல் நின்றது. யாரோ கைதட்டினார்கள். பொது ஓட்டத்துக்கு இன்னும் பல மாதம் ஆகும், ஆனாலும் நின்றுவிட்டது.

மேலே ஏறி வந்து வீட்டுக்குப் போன் போட்டேன். காவ்யா தூங்குகிறாளாம்.

"நின்னுச்சா?" என்றான் அன்பு.

"ம்."

வீட்டில் உட்கார்ந்து இதைக் கேட்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். குளிர் தாங்கவில்லை, காபி கசக்கிறது என்று ஏதாவது சொல்லிப் பேச்சை மாற்றியிருக்கலாம். மாற்றவில்லை. மழை, பாலம், பிரேக் பிடித்தபோது காலடியில் உணர்ந்த அதிர்வு, ஓட்டுநர் திரும்பிப் பார்த்துக் கண் சிமிட்டியது – ஒன்றையும் குறைக்காமல் சொன்னேன்.

குறுக்கே பேசாமல் கேட்டான்.

"மொதல்லேருந்து இன்னொரு தடவ சொல்லு" என்றான்.