ஊட்டுகிறவரின் பெயர்

பால் சேர்க்காத பிளேன்டீயில் சோளமாவைப் போட்டுக் காய்ச்சி ஆறவிட்டால் ஒரு வாசம் வரும். தேயிலை வாசமும் இல்லை, மா வாசமும் இல்லை. மழையில் நனைந்த மட்டைப்பெட்டியின் வாசம். இன்று காலை எங்கள் பேச்சுச் சிகிச்சை அறை முழுக்க அதுதான். புதிதாக வந்திருக்கும் முதுகலை மாணவர்கள் மூன்று பேர் மேசையைச் சுற்றி நின்று கோப்பைகளைக் கலக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மூக்கைச் சுளித்தாள். நான் மேற்பார்வையாளருக்குரிய கண்டிப்பான முகத்தோடு, உள்ளுக்குள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றேன். இதே மேசையில்தான் நீ எனக்கு முதல் கரண்டி ஊட்டினாய்.

நீ போய் ஆறு வருடமாகிறது. உனக்கு எழுத வேண்டும் என்று எத்தனையோ தடவை உட்கார்ந்திருக்கிறேன். உட்கார்ந்தால் அழுகை வரும். அழுகிறவர்களைக் கண்டால் உனக்குப் பொறுமை போய்விடும் என்பதும் ஞாபகம் வரும், எழுந்துவிடுவேன். இன்று அழுகை வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தவர்களுக்குப் பேச்சோடு விழுங்கும் சக்தியும் குறைந்துபோகும் என்று அன்றைக்குத்தான் படித்திருந்தோம். தண்ணீராக இருப்பது எதுவும் நழுவி நுரையீரலுக்குள் போய்விடலாம். கெட்டியாக்கிக் கொடுத்தால் மெதுவாக இறங்கும். நோயாளிக்குக் கொடுக்கச் சொல்வதை முதலில் நீங்கள் விழுங்கிப் பாருங்கள் என்று சொல்லி, எங்களை இரண்டிரண்டு பேராகப் பிரித்துவிட்டார்கள். நீ எழுந்து நின்று, கரண்டியை மேலிருந்து கொண்டுவந்து, நான் ஒன்றை விழுங்குவதற்குள் அடுத்ததை வாய்க்குள் வைத்தாய். எனக்கு மூச்சு முட்டியது. தேயிலைக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவளுக்கு இப்படியொரு தேத்தண்ணியா என்ற ஆத்திரம் வேறு. மேசை விரிப்பு முழுக்கத் துப்பிவைத்தேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. கதிரையை இழுத்துப்போட்டு என் முகத்துக்கு நேராக உட்கார்ந்து, இன்னொரு தடவை ஊட்டுகிறேன் என்றாய். இந்த முறை ஒரு கரண்டிக்குப் பிறகு காத்திருந்தாய். என் கழுத்தில் தொண்டை எலும்பு ஏறி இறங்கும்வரை பார்த்திருந்துவிட்டு அடுத்ததை எடுத்தாய். முடிந்ததும் உன் கொப்பியில் எழுதியதை எனக்கும் வாசித்துக் காட்டினாய். "தொண்டையப் பாரு, கரண்டியப் பாக்காத." அவ்வளவுதான். எங்கள் பாடப்புத்தகம் அதே விஷயத்தைச் சொல்ல நான்கு பக்கம் எடுத்துக்கொண்டிருந்தது.

அந்த வகுப்பில் தமிழ் பேசுகிறவர்கள் நாம் இரண்டு பேர்தான். நீ கட்டுகஸ்தோட்டையில் துணிக்கடைக்காரர் மகள். நான் ஹுன்னஸ்கிரியவுக்கு மேலே, தோட்டத்தில் கொழுந்து எடுப்பவளின் மகள்; இரண்டு வருடம் தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்துவிட்டு வந்தவள். விரிவுரை ஆங்கிலத்தில், வார்டு சிங்களத்தில், நம் சண்டையெல்லாம் தமிழில். என்ன படிக்கிறோம் என்று வீட்டில் விளக்குவதற்குள் இரண்டு பேருக்கும் வாய் வலித்துவிடும். எங்கள் லயத்து வீடுகளில் என்னை "நாக்கு டாக்டர்" ஆக்கிவிட்டார்கள். உன் வாப்பாவோ, மகள் வாய்க்குத்தான் வைத்தியம் படிக்கிறாள் என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிவைக்க, ஒரு நாள் ஒருவர் வீங்கிய கன்னத்தோடு துணிக்கடைக்கே வந்து நின்றாராம். அதை நீ சொல்லிச் சிரித்த சிரிப்பில் சிற்றுண்டிச்சாலையே திரும்பிப் பார்த்தது.

சிரிக்க முடியாத கதைக்கு இப்போது வருகிறேன். நான் யாரிடமும் முழுதாகச் சொல்லாத கதை. உனக்குத் தெரியும், ஆனாலும் எழுதிவிட வேண்டும்.

வார்டுப் பயிற்சியின் மூன்றாவது வாரம். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒருவரை எனக்குக் கொடுத்திருந்தார்கள். வலது பக்கம் விழுந்திருந்தது, பேச்சு இல்லை. பரிசோதித்ததில் தண்ணீர் பாதுகாப்பில்லை என்று தெரிந்தது. கெட்டியாக்கியதை மட்டும், நிமிர்த்தி உட்காரவைத்து, கரண்டியால் கொடுக்க வேண்டும். எங்கள் பயிற்சியை மேற்பார்த்த மேடமும் ஒத்துக்கொண்டார். நான் அதைக் கட்டிலுக்கு மேலே தொங்கும் பலகையில் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் எழுதினேன். தாதிமார் வாசிப்பார்கள், மேடம் வாசிப்பார். என் சிங்கள எழுத்து அழகு என்று எனக்கு அப்போது ஒரு கர்வம். இரண்டடி பின்னால் போய் நின்று ரசித்தேன்.

கட்டிலுக்குப் பக்கத்தில் அவருடைய மனைவி உட்கார்ந்திருந்தார். நான் தமிழில் பேசியதும் அந்த முகம் மலர்ந்துவிட்டது. பிறகு நம் ஆட்கள் சந்தித்தால் நடப்பதுதான் நடந்தது. எந்தத் தோட்டம், எந்த டிவிசன், மேல் லயமா கீழ் லயமா, யார் வீட்டுப் பிள்ளை என்று தொடங்கி, என் பெரியம்மாவைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்கு அந்த அம்மா தூரத்து உறவு என்பதில் வந்து நின்றது. அவர் என் கையை விடவேயில்லை. மேசைக்குத் திரும்பிப் படிவத்தைப் பூர்த்தி செய்தபோது, "உறவினருக்கு விளக்கப்பட்டது" என்ற பெட்டியில் சரி போட்டேன். இருபது நிமிடம் பேசியிருந்தேன் அல்லவா? சொல்ல வேண்டிய அந்த ஒன்றை மட்டும் சொல்லவில்லை என்பது என் மண்டையில் உறைக்கவேயில்லை.

மறுநாள் காலையில் அந்த அம்மா பிளாஸ்கில் தேத்தண்ணி கொண்டுவந்து கணவருக்குக் கொடுத்திருக்கிறார். நாற்பது வருடமாகக் காலையில் கொடுப்பதுதான். அவர் ஆசையாகக் குடித்து இருமியிருக்கிறார். பின்னேரம் காய்ச்சல், அடுத்த நாள் நியூமோனியா. மூக்குக் குழாயும் ஒட்சிசனுமாக அவர் கிடந்ததைப் பார்த்துக்கொண்டு நான் நின்றபோது, அந்த அம்மா என்னைத் திட்டியிருக்கலாம். அவர் சொன்னது வேறு.

"நீங்க நம்ம புள்ளயாச்சே. குடுக்கக் கூடாதுன்னா சொல்லிருப்பீங்கன்னு நெனச்சுத்தாம்மா குடுத்தேன்."

அவருக்குத் தமிழே வாசிக்க வராது. நான் சிங்களத்தில் அழகாக எழுதிவைத்திருந்தேன்.

அன்று மத்தியானமே விடுதியில் சாமான்களைப் பையில் அடைத்தேன். விஞ்ஞானம் படிப்பித்தபோது என்னால் யாருக்கும் மூச்சுத் திணறியதில்லை, அதற்கே திரும்பிப் போகிறேன் என்று உன்னிடம் சொல்லிவிட்டுப் பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தேன். நீயும் கூடவே வந்தாய். மஹியங்கனைப் பஸ்ஸில் நான் ஏற, நீயும் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாய். உன் வீடு நேர் எதிர்ப்பக்கம். பஸ் திகன தாண்டியது. என் முதுகைத் தடவிவிடுவாய், இதெல்லாம் எல்லோருக்கும் நடக்கிறதுதான் என்பாய் என்று எதிர்பார்த்திருந்தேன். நீ கேட்டது ஒன்றே ஒன்று.

"அவருக்கு நாளைக்கு யாரு ஊட்டுற?"

குழாய் போட்டிருக்கிறார்கள், யாரும் ஊட்ட வேண்டியதில்லை என்றேன்.

"குழாயக் கழட்டுவாங்க தானே. அப்ப அந்தப் பொம்பளக்கி யாரு செல்லிக் குடுக்குற? நானா? நான் வேற வார்ட்ல ஈக்கிறேன்." பிறகு என் பக்கம் திரும்பி, "தப்புச் செஞ்சது நீ. வேற யாரையும் அங்க அனுப்பிவெக்காத" என்றாய்.

தெல்தெனியவில் பஸ் நின்றதும் எழுந்து இறங்கினாய். என்னைக் கூப்பிடவுமில்லை, திரும்பிப் பார்க்கவுமில்லை. வீதியைக் கடந்து கண்டிப் பக்கம் போகும் தரிப்பிடத்தில் போய் நின்றாய். அன்று உன்மேல் எனக்கு வந்த கோபத்தை இப்போதும் மறக்கவில்லை. கொண்டக்டர் மணியடித்தபோது நான் "இறக்கம்" என்று கத்தி, பையை இழுத்துக்கொண்டு இறங்கினேன். திரும்பி வந்த பஸ்ஸில் நாம் இரண்டு பேரும் உப்புக் கடலை சாப்பிட்டோம்.

மறுநாள் மேடத்திடம் போய், அந்தச் சரி அடையாளம் பொய் என்று சொன்னேன். நீ கதவுக்கு வெளியே நின்றாய். மேடம் கத்தவில்லை. சிங்களத்தில் மெதுவாக, இந்தப் பயிற்சியை உனக்குச் சித்தியாக்க முடியாது, முழுதாகத் திரும்பச் செய்ய வேண்டும் என்றார். சரி என்றேன். வெளியே வந்து உன்னிடம் சொன்னதும், நல்லதாய்ப் போயிற்று, அந்த வார்டில் இன்னும் எட்டு வாரம் இருக்கலாம் என்றாய். எனக்கு உன்னை அறைய வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

அந்த நோயாளியின் குழாயைக் கழற்றியது பதினேழாவது நாள். நான் தேத்தண்ணியைக் கெட்டியாக்கிக் கொண்டுபோனேன். முதலில் அந்த அம்மாவை உட்காரவைத்து அவருக்கே ஒரு கரண்டி ஊட்டினேன். பிறகு அவர் எனக்கு ஊட்டினார். அதற்குப் பிறகுதான் கணவருக்கு. ஊட்டிவிட்டுக் காத்திருந்தார். தொண்டை அசைந்தது. மனுசன் முகத்தை அப்படியே கோணலாக்கி, வராத பேச்சால் ஏதோ திட்டினார். அந்த அம்மா சிரித்தார், நான் சிரித்தேன், அடுத்த கட்டில்காரரும் சிரித்தார். அன்று பின்னேரம் உன்னிடம் ஓடிவந்து சொன்னபோது நீ கேட்ட முதல் கேள்வி, இராத்திரிச் சாப்பாட்டை யார் கொடுப்பது என்பதுதான். மகன் வருவானாம் என்றேன். அப்படியென்றால் மகனிடம் சொல்லாமல் இங்கே ஏன் நிற்கிறாய் என்று விரட்டிவிட்டாய்.

அடுத்த மழைக்கு உன்னை டெங்கு கொண்டுபோயிற்று. ஒரே வாரம். திங்கட்கிழமை காய்ச்சல், நூலகத்துக்கு வரவில்லை என்று செய்தி அனுப்பினாய். ஞாயிற்றுக்கிழமை நான் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் இறங்கி உங்கள் வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தேன். பெண்களுக்கு நடுவில் உன் உம்மாவுக்குப் பக்கத்தில் இடம் கொடுத்தார்கள். உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "எங்க எல்லாருக்கும் அந்தக் களித் தேத்தண்ணிய ஊட்டிட்டா மகள். வாப்பாவயும் உட்டுவெக்கல்ல. பொறுங்க, முழுங்குங்க, பொறுங்கண்டு." அழுதுகொண்டே லேசாகச் சிரித்தார். நீ வீட்டில் இத்தனை பயிற்சி எடுத்த விஷயத்தை என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இயல்பாக வருகிறது என்றல்லவா நான் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

இறுதிப் பரீட்சைக்கு நான் தனியாகப் போனேன். சித்தியடைந்தேன். இங்கேயே வேலை கிடைத்தது. வந்த முதல் மாதமே அந்தப் படிவத்தை மாற்றக் கேட்டேன். சரி போடும் பெட்டி வேண்டாம், அந்த இடத்தில் இரண்டு கோடு வேண்டும்: ஊட்டுகிறவரின் பெயர்; அவர் ஊட்டிக் காட்டினாரா. மூன்று மொழியிலும். வேலை கூடும் என்றார்கள் நிர்வாகத்தில். இருந்த படிவமே போதும் என்று இரண்டு தடவை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது தடவை கேட்கப் போனபோது நீ அன்று நின்றதைப் போலவே அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். பின்னேரம் நான்கு மணிக்குக் கையெழுத்துக் கிடைத்தது. நீ இருந்திருந்தால் இரண்டாவது தடவையிலேயே வாங்கியிருப்பாய் என்பதும் எனக்குத் தெரியும்.

இன்று காலைக்குத் திரும்புகிறேன். பயிற்சி முடிந்து மூன்று பேரையும் வார்டுக்குக் கூட்டிப் போனேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருக்கும் மாணவனுக்கு ஒரு நோயாளியைக் கொடுத்தேன். ஓய்வு பெற்ற தபால் அதிபர், பாரிசவாதம் வந்து நான்கு நாள். அரை மணிநேரத்தில் அவன் படிவத்தோடு வந்தான். முகமெல்லாம் மகிழ்ச்சி.

"மிஸ், அவரின்ர மனுசியோட வடிவாக் கதைச்சனான். எங்கட ஊர் ஆக்கள்தான். அம்மம்மாவையும் தெரியுமாம்."

படிவத்தில் பெயரை எழுதியிருந்தான். இரண்டாவது கோட்டிலும் "ஆம்" என்று எழுதப் பேனாவைத் திறந்திருந்தான். பேனாவை அவன் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டேன்.

"கதைச்சது சரி. அவங்க ஊட்டுறதப் பாத்தீங்களா?"

அவன் முகம் மாறியது. கெட்டியாக்கிய தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனான். நானும் பின்னால் போனேன். அந்த அம்மா கட்டிலருகில் பிளாஸ்க் மூடியைத் திறந்துகொண்டிருந்தார். அவன் குனிந்து, "கொஞ்சம் பொறுங்கோ அம்மா, முதல் நீங்கள் ஒருக்கால் குடிச்சுப் பாருங்கோ" என்றான். கதிரையை இழுத்துப்போட்டு, நேராக உட்கார்ந்து ஊட்டினான். அந்த அம்மா முகத்தைச் சுளித்தார். பிறகு கரண்டியை அவர் வாங்கிக் கணவருக்கு ஊட்டினார், ஊட்டிவிட்டு எங்களைப் பார்த்தார்.

அவன் கரண்டியைப் பார்க்கவில்லை. அந்த மனிதரின் கழுத்தையே பார்த்திருந்தான். தொண்டை எலும்பு ஏறி இறங்கியது. "இப்ப அடுத்தது, அம்மா" என்றான்.

பத்துக் கரண்டி முடியும்வரை நின்றேன். அதற்குப் பிறகுதான் பேனாவை அவனிடம் திருப்பிக் கொடுத்தேன்.