திருகு வைத்த ரிசீவர்

அக்டோபர் 8, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். துணி காயவில்லை, மாவு பொங்கவில்லை.

இவருக்குப் புதுப் பைத்தியம். வீட்டில் சினிமா தியேட்டர் மாதிரி சத்தம் வேண்டுமாம். ரிசீவர் என்று ஒரு பெட்டி, அதற்கு ஐந்து ஸ்பீக்கர். "நாளைக்கு மாப்பிள்ளை வந்தா நாலு படம் பாக்கட்டும்" என்று பட்டறையில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறார்.

எனக்குத் தெரியாதா என்ன. இவருக்குக் கண் போய்விட்டது. ஒரு வருடமாகக் கிடுகிடுவென்று போய்விட்டது. ஜன்னல் எந்தப் பக்கம் என்று தெரியும், அவ்வளவுதான். இவர் அப்பாவுக்கும் ஐம்பதில் இப்படியேதான். டிவியின் சின்ன ஸ்பீக்கரில் பேச்சும் மேளமும் ஒன்றாகக் குழம்பி வருகிறது, யார் யாரிடம் பேசுகிறார் என்று புரியாமல் மனுசன் தவிக்கிறார். காதிலாவது படம் பார்க்கட்டும்.

டாக்டர் அன்றே சொன்னார்: "பரம்பரைல வர்றதுங்க. பொண்ணுக்கும் ஒருக்கா பாத்துருங்க." கல்யாணம் முடியட்டும் என்று நான்தான் தள்ளிப்போட்டேன். புரட்டாசி கழிந்ததும் உடுமலைப்பேட்டையிலிருந்து நிர்மலாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். தென்னந்தோப்பு, ஒரே பையன், இன்ஜினியர். இவர் கண் விசயம் அவர்களுக்குத் தெரியாது. தெரியவும் கூடாது. இது மூன்றாவது இடம். ஏற்கனவே வந்த இரண்டும் கைவிட்டுப் போயாயிற்று.

வாங்க: உளுந்து, தேங்காயெண்ணெய், இவர் சட்டைக்குப் பொத்தான்.

அக்டோபர் 10, வியாழன்

வெயில், ஒரு வழியாக. கிராஸ்கட் ரோட்டுக் கடைக்குப் போனோம். டை கட்டிய பையன். ஏ.சி. குளிரில் என் மூட்டு செத்தது.

"எல்லா செட்டிங்கும் டிவி ஸ்கிரீன்லயே வந்துருங்க சார். நீங்க பாத்து செலக்ட் பண்ணுனாப் போதும்."

"அந்தக் கருமமெல்லாம் வேண்டாந் தம்பி. கையில திருப்பற திருகு வெச்சது இருக்குதா?"

"அதெல்லாம் பழைய மாடலுங்க சார்" என்று சிரித்தான். பல்லைத் தட்டியிருப்பேன்.

இவர் முழங்கையைப் பிடித்தபடியே படியிறங்கினேன். பின்னால் ஒருத்தி தன் புருசனிடம், "இந்த வயசுலயும் எப்படிக் கை கோத்துட்டுப் போறாங்க பாருங்க." திரும்பிப் பார்த்துச் சிரித்து வைத்தேன்.

சாயந்தரம் நிர்மலா வாசல்படியில் தடுக்கிக் காப்பி டம்ளரைப் போட்டாள். "ஆகாசத்தப் பாத்துட்டா நடக்கற?" என்று கத்திவிட்டேன். குனிந்து துடைத்தாள்.

அக்டோபர் 12, சனி

டவுன்ஹால் பக்கம் பாய் கடை. வெளிநாட்டுச் சாமான். இவருக்கு இருபது வருசப் பழக்கம், முதல் டேப்ரிக்கார்டரே அங்கேதான் வாங்கினோம்.

இரண்டு பெட்டி காட்டினார். ஒன்று பாட்டுக்கு மட்டும், இரண்டே ஸ்பீக்கர். நாகசுரம் போட்டார். அடடா, எனக்கே சிலிர்த்தது. இன்னொன்று ஐந்து ஸ்பீக்கர், படத்துக்கு. கனம். முன்னால் பெரிய பெரிய திருகு, திருப்பினால் டக் டக்கென்று நிற்கிறது. அதே நாகசுரம் இதில் கொஞ்சம் சப்பென்றுதான் இருந்தது.

இவர் மாற்றி மாற்றிக் கேட்டார். முடிவு செய்ய முடியவில்லை. "எதுங்க பாய் எடுக்கட்டும்?"

"ஊட்ல அதிகமா என்ன பண்ணுவீங்க? பாக்கறதுங்களா, கேக்கறதுங்களா?"

இவர், "பாக்கறதுதான்" என்றார்.

பாய் அவர் கையை எடுத்துப் பெட்டியின் மேல் வைத்தார். "இது சத்தமுங்க. இந்தத் திருகு மொத டக்குல ரேடியோ, ரெண்டாவதுல டேப்பு, மூணாவதுல படம் போடற டெக்கு. எண்ணிக்கிட்டாப் போதுமுங்க." வேறு ஒன்றும் கேட்கவில்லை. நான் தலையே நிமிர்த்தவில்லை.

ஐந்து ஸ்பீக்கரே எடுத்தோம்.

அக்டோபர் 15, செவ்வாய்

ஆள் வந்து மாட்டிவிட்டுப் போனான். கூடம் முழுக்க ஒயர். கூட்டுவது எப்படி என்று எவனாவது யோசித்தானா. டிவியின் சத்தத்தை அடியோடு குறைத்து வைத்துவிட்டான். இனிப் படம் தனி, சத்தம் தனி.

முதல் படம். இவர் நட்டநடுவில் சேர் போட்டு உட்கார்ந்தார். "சரசு, கார் பின்னாடியிருந்து வருது புள்ள!" இவர் இப்படிச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று.

பாதிப் படத்தில் சிரிப்பு நின்றது. "அவனும் அவளும் ஒரே எடத்துலயா நிக்கறாங்க?"

"இல்லீங்க. அவன் ஜன்னலோரம். அவ இந்தக் கடைசில."

"அப்பறம் ஏன் ரெண்டு பேரு பேச்சும் நடுவுலயே வருது?"

நிஜம்தான். கார், மழை, சண்டை எல்லாம் சுற்றிச் சுற்றி வருகிறது. பேசுகிறவர்கள் மட்டும் அத்தனை பேரும் நடு ஸ்பீக்கர் டப்பாவுக்குள். இவர் எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார். எனக்கு வெசனம் தாங்கவில்லை.

அக்டோபர் 19, சனி

நாளைக்கு வருகிறார்கள். போண்டா, கேசரி, காப்பி. நிர்மலாவுக்கு மாம்பழ மஞ்சள் பட்டு.

இவர் ஒரு யோசனை கண்டுபிடித்திருக்கிறார். "படத்தப் போட்டுட்டு டிவியப் பாத்து உக்காந்துக்கறேன். எவனுக்கு என்ன தெரியப்போகுது?" எனக்கும் சரியென்று பட்டது. ஒரு பாட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பாடம் சொன்னேன். ஆரம்பத்தில் பச்சை வயல். புல்லாங்குழல் வந்தால் சிவப்புச் சேலை. பிறகு மலை. தப்பில்லாமல் ஒப்பித்தார்.

அக்டோபர் 20, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. எழுதிவிட்டுத் தொலைக்கிறேன்.

பதினொரு மணிக்கு வந்தார்கள். அப்பா, அம்மா, பையன். நல்ல வெளிச்சம். இவர் வாங்க வாங்க என்று நடுச் சேரில் உட்கார்ந்து படத்தைப் போட்டார். நான் அடுப்படியில். கூடத்தில் பாட்டு கணீரென்று கேட்டது. நிம்மதியாக இருந்தது.

போண்டாத் தட்டோடு வந்தேன். டிவி கருப்பாக இருந்தது. கருகருவென்று. சேலைக்கு இஸ்திரி போட நிர்மலா டிவி ப்ளக்கைப் பிடுங்கியிருக்கிறாள், திரும்ப மாட்ட மறந்துவிட்டாள். டெக்கும் ரிசீவரும் வேறு ப்ளக். பாட்டு ஐந்து பக்கமும் முழங்குகிறது, படமே இல்லை.

இவர் கையை நீட்டி, "அந்த வயலப் பாருங்க. பச்சை கண்ணுலயே நிக்குது."

பையனின் அப்பா அந்தக் கருப்புக் கண்ணாடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஆமாங்க. கலரு தெளிவா இருக்குதுங்க."

புல்லாங்குழல் வந்தது. "சேலை சிவப்பு எப்படிங்க?"

"நல்ல சிவப்புங்க" என்றார் அந்தம்மா. பையன் குனிந்து தன் கால் விரலைப் பார்த்தான்.

ப்ளக்கை மாட்ட வேண்டுமென்றால் அவர்கள் முன்னால் குனிந்து மாட்ட வேண்டும். மாட்டவில்லை. போண்டா எடுத்துக்குங்க, சட்னி போட்டுக்குங்க என்று உபசாரம் செய்துகொண்டு நின்றேன். பாட்டு முடிகிற வரை எல்லோரும் மரியாதையாக அந்த இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிர்மலா காப்பித் தட்டோடு வந்தாள், டிவியைப் பார்த்தாள், அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"ஊருக்குப் போயிச் சொல்லியுடறோமுங்க."

வாசலில் அந்தம்மா என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினாள். அதற்கு நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

உள்ளே வந்தால் இவர் டிவி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். "எல்லாம் நல்லபடியா ஆச்சில்ல?" ஆச்சுங்க என்றேன்.

அக்டோபர் 22, செவ்வாய்

மழை. போன் இல்லை. நிர்மலா சாப்பிடுவதில்லை. "நாந்தானுங்கம்மா ப்ளக்கப் புடுங்குனேன்" என்று ஆரம்பித்தாள். அப்பா காதில் விழப்போகிறது, வாயை மூடு என்றேன்.

அக்டோபர் 24, வியாழன்

தரகர் போன். "பையன் இன்னும் ரெண்டு வருசம் போகட்டுங்கறானுங்க. பொண்ணு தங்கமான பொண்ணுன்னாங்க." கண்ணைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவ்வளவு நல்லவர்கள்.

யாரு போன்ல என்று கேட்டார். ராங் நம்பர் என்றேன். மேலே கேட்கவில்லை.

அக்டோபர் 26, சனி

விடாத மழை. ஆறு நாளாக இவர் ரிசீவர் பக்கமே போகவில்லை. சாயந்தரம் கேட்டேன், "படம் போடட்டுங்களா?"

"வேண்டாம்." பிறகு, "அன்னிக்கு அவங்க கெளம்புனதும் டிவிய அணைக்கலாம்னு போனேன். மேல கை வெச்சேன். படம் ஓடுன சூடே இல்ல, சில்லுன்னு இருந்துச்சு சரசு."

மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தேன்.

"பாட்டு முழுக்க கலரு சொல்லிட்டு உக்காந்திருந்திருக்கறேன். அவங்களும் ஆமாங்க ஆமாங்கன்னாங்க."

வாய்விட்டு அழுதேன். இத்தனை நாளும் தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்திருக்கிறார், என்னைப் போலவே. பாவி மனுசன்.

"அழுகாத. யாருகிட்ட மறைக்கோணும் இனி. திங்கக்கெழமை நிர்மலாவக் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ."

விளக்குப் போடாத கூடம். நிர்மலா கதவைப் பிடித்தபடி நின்றிருந்தாள். எப்போது வந்தாளோ.

"நாளைக்கே போலாமுங்கம்மா. பொழுது சாஞ்சா எனக்கும் படி தெரியறதில்லீங்க."

நாளைக்கு ஞாயிறு. ஆஸ்பத்திரி இருக்காது.